எண்ணிக்கிட்டுத் திருகுங்க சார்!

அத்தானுக்கு ஒரு பழைய பெட்ரோல் ஜீப் 'கிடைத்தது'. யாரோ தலையில் கட்டிவிட்டார்கள் என்பது அக்காவின் கட்சி.

வத்தலக்குண்டு வரை சமர்த்தாக வந்த வண்டி, மலையேறியதும் மூச்சு வாங்கியது. அட்டுவம்பட்டியில் நின்றபோது பின்னால் கறுப்புப் புகை. மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர் வேறு. அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"மெக்கானிக் எதுக்கு மாப்ளே? ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்!" பானெட்டைத் திறந்தார்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். சமவெளியைவிடக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒரு கிலோ பெட்ரோல் ஒழுங்காக எரிய சுமார் 15 கிலோ காற்று வேண்டும். கார்புரேட்டருக்கு இந்த மலைக் கணக்கெல்லாம் தெரியாது. 'போதும்' என்று இலையைக் கையால் மறைத்தாலும் சாம்பார் ஊற்றும் மாமி மாதிரி, ஊற்றிக்கொண்டே இருக்கும். மிச்சம், ப்ளக்கில் கரி, பின்னால் புகை.

அத்தான் மிக்ஸர் ஸ்க்ரூவை உள்ளே திருகினார், வெளியே திருகினார். பத்தே நிமிஷம். வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை!

பூண்டு மூட்டையோடு வந்த உள்ளூர் ஜீப் டிரைவர் ஒருவர் இறங்கினார். பீடியைத் தள்ளிப் போய் அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"முதல்ல எத்தனை சுத்துல இருந்துச்சு சார்?"

அத்தான் முழித்தார்.

டிரைவர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகி, முட்டியதும் நிறுத்தினார். இறுக்கினால் முனை போய்விடுமாம். அங்கிருந்து ஒன்றரை சுற்று வெளியே. எஞ்சின் சூடானதும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகி, சத்தம் சீரான இடத்தில் விட்டார். ஒன்றேகால்.

"இது வண்டி நிக்கிறப்பதான் சார் பேசும். ஏறும்போது பெட்ரோல் மெயின் ஜெட் வழியாப் போகும்."

"அப்ப சின்ன ஜெட் போட்டுடலாமா?"

"இங்கயே ஓட்டுறதுன்னா போடலாம். மறந்துபோய் அதோட கீழ இறங்கினா காத்து கூடும், பெட்ரோல் பத்தாது. எஞ்சின் கொதிச்சு வால்வு கருகிடும். ரெண்டு நாளைக்கு எதுக்கு? ஏர் ஃபில்டரைப் பாத்தீங்களா?"

பார்த்தோம். உள்ளே எலி சேர்த்து வைத்த வைக்கோல்! இருக்கிற கொஞ்சம் காற்றையும் அது வழிமறித்திருக்கிறது. ஃபில்டரைக் கழுவி, ப்ளக்கைச் சுரண்டியதும் புகை பாதியாகக் குறைந்தது.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சென்சார் காற்றை அளந்து, பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டிக்கு சென்சார் நாம்தான். நம் காது, நம் மூக்கு, நம் ஞாபகம்.

டிரைவர் காசு வாங்கவில்லை. "அடுத்த தடவை எண்ணிக்கிட்டுத் திருகுங்க சார், போதும்."

"மெக்கானிக் எதுக்குன்னு கேட்டீங்களே?" என்றாள் அக்கா.

அத்தான் காதில் வாங்கவில்லை. டாஷ்போர்டில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்: 'ஒன்றேகால்'.