முப்பது என்னும் மந்திரம்

புள்ளியியல் வகுப்பில் முதல் ஆண்டைக் கடந்த மாணவர் ஒருவரிடம், மைய எல்லைத் தேற்றம் யாது என்று கேட்டுப் பாருங்கள். "மாதிரி முப்பதுக்கு மேல் போனால் எல்லாம் இயல்நிலைப் பரவல் ஆகிவிடும்" என்று பெரும்பாலும் விடை வரும். தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆயினும் விடை தவறு. அதிலும் ஐதராபாத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது சிறிதும் பொருந்தாது. இந்த ஊரின் ஆறே அதை மறுத்திருக்கிறது.

தேற்றம் உண்மையில் கூறுவது என்ன? நம் வீட்டுத் தாயக்கட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் முகங்கள் நான்கு: 1, 2, 3, வெறுமை. ஒற்றைக் கட்டையை உருட்டினால் நான்கிற்கும் ஒரே வாய்ப்பு. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. இரண்டு கட்டைகளை உருட்டிக் கூட்டிப் பாருங்கள். (இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு என்னும் ஆட்ட வழக்கத்தை இங்கே மறந்துவிடுவோம்.) விழக்கூடிய வகைகள் 16. அவற்றுள் கூட்டுத்தொகை 3 வருவதற்கு 4 வழிகள் உண்டு. 0 வருவதற்கு ஒரே வழி, 6 வருவதற்கும் ஒரே வழி. நடுவில் குன்று எழுந்துவிட்டது அல்லவா? கட்டைகளைப் பத்து, இருபது என்று பெருக்கினால் அக்குன்று மேலும் மேலும் மணி வடிவத்தை நெருங்கும். ஆனால் கட்டை மாறவில்லை. கூட்டுத்தொகைதான் மணி வடிவம் பெற்றது.

இந்த வேறுபாடே தேற்றத்தின் உயிர். லாட் பஜாரில் வளையல் விற்பவர் முதல் மாதாப்பூரில் கணிப்பொறி நிறுவனம் நடத்துபவர் வரை 30,000 பேரின் வருமானத்தைத் திரட்டினாலும் அது ஒருபக்கம் சாய்ந்தே கிடக்கும். மாதிரிகள் பல எடுத்து, ஒவ்வொன்றின் சராசரியையும் குறித்தால், அந்தச் சராசரிகளே மணி வடிவை நாடும்.

நாணயம் சுண்டுவதை வைத்து டி மாய்வர் 1733இல் கண்ட இவ்வுண்மையை லாப்லாஸ் 1810இல் விரித்தார். பெயர் சூட்டியவர் போலியா, ஆண்டு 1920. நிகழ்தகவியலில் இதற்குள்ள தலைமை இடத்தைக் கருதியே அவர் 'மைய' என்றார். தமிழில் 'நடுநாயகத் தேற்றம்' என்றிருந்தால் பொருள் இன்னும் நன்றாக விளங்கியிருக்கும்!

இனி மூசி ஆற்றுக்கு வருவோம். ஐதராபாத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 80 செ.மீ. அளவு மழை பெய்கிறது. நாளுக்குப் பங்கிட்டால் 2 மில்லிமீட்டர் சொச்சம். 1908 செப்டம்பர் இறுதியில், இன்று விமான நிலையம் இருக்கும் ஷம்ஷாபாதில், 48 மணி நேரத்தில் ஏறத்தாழ 19 அங்குலம், அதாவது 48 செ.மீ., கொட்டியது. செப்டம்பர் 28 அன்று மூசி ஊருக்குள் புகுந்தது. மாண்டவர் ஏறத்தாழ 15,000 பேர் என்பர். அப்சல்கஞ்ச் பக்கத்துப் புளியமரம் ஒன்றில் ஏறி உயிர் பிழைத்தோரும் உளர். அம்மரம் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நின்றது. அந்த நாளில் சராசரியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்திருக்க முடியும்?

தேற்றத்திற்கு ஒரு நிபந்தனை உண்டு: கூட்டப்படுபவை ஒன்றையொன்று சாராதவையாக இருத்தல் வேண்டும். மறு ஆண்டு வந்து ஆராய்ந்த விசுவேசுவரய்யா, ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த 788 ஏரிகளுள் 221 உடைந்தன என்று கண்டார். ஒரு புயல்மழை எல்லா ஏரிகளின் மேலும் பெய்தது. மேலே உள்ள ஏரி உடைந்தால் அதன் நீர் கீழே உள்ள ஏரியின் கரையை மோதும். தாயக்கட்டைகள் இப்படி ஒன்றையொன்று தள்ளுவதில்லை. அவர் தந்த யோசனையின்படி வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ள உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் எழுந்தன. அவற்றைத் திட்டமிட்டவர் பார்த்தது பெருவெள்ளத்தை. சராசரி மழையை அன்று.

சரி, முப்பது போதாதா? ஓர் ஆண்டில் நூற்றுக்கு ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுகள் ஒன்றையொன்று சாராதவை என்றே வைத்துக்கொள்வோம். 30 ஆண்டுக் குறிப்பில் அது ஒருமுறையேனும் வராமல் போகும் வாய்ப்பு 0.99ஐ 30 முறை பெருக்கினால் கிடைக்கும்: 0.74. நூறு குறிப்பேடுகளில் எழுபத்து நான்கு அந்த வெள்ளத்தை அறியவே அறியா! அவற்றை நம்பி ஆற்றோரத்தில் மனை போடலாம் என்று கையெழுத்திடுபவரும் நம்மைப்போல் ஒரு வகுப்பில் படித்து வந்தவர்தாமே?

தொடக்க வகுப்பில் இவ்வளவு வேண்டுமா, குழப்பமல்லவா என்று ஆசிரியர் சிலர் கேட்கின்றனர். எளிமை வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 'முப்பது' எளிமை அன்று; மனப்பாடம். தேற்றம் எங்கே நின்றுவிடுகிறது என்பதைக் கற்பிக்க இன்னும் ஒரு மணி நேரம் போதும்.

அந்த எல்லைக்கு அப்பால் சென்றவர் ஒரு தமிழர் என்பதையும் நாம் வகுப்பில் கேட்பதில்லை. 1940இல் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் பயின்று, கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சி. ஆர். ராவிடம் ஆய்வு மாணவராக இருந்தார் சீனிவாச வரதன். அவருடைய ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களுள் ருஷ்யப் பேரறிஞர் கொல்மகோரவும் ஒருவர். சராசரியிலிருந்து வெகுதூரம் விலகும் அரிய நிகழ்ச்சிகளின் வாய்ப்பு எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதை ஒரே கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தமைக்காக அவருக்கு 2007இல் ஆபெல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் அவருடைய ஆசிரியர் ராவின் பெயரால் ஐதராபாத் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு கணித, புள்ளியியல் நிறுவனம் தொடங்கிற்று.

வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு விண்ணப்பம். 'தேற்றத்தைக் கூறுக' என்ற வினாவுக்குக் கீழே இன்னொன்றையும் சேருங்கள்: 'மூசியின் 788 ஏரிகளுக்கு இத்தேற்றம் ஏன் பொருந்தவில்லை?'