வரையப்பட்ட பெண்ணுக்கு விருப்பம் ஏது?

பெண்ணுரிமை என்னும் சொல் இன்று படாத பாடு படுகிறது. சோப்பு விற்பவரும் அதை எடுத்து ஆள்கிறார். திரைப்படம் எடுப்பவரும் ஆள்கிறார். இப்போது படக்கதை வரையும் இளைஞர்களும் அதைக் கையில் எடுத்துக் கொண்டிருக்கிறார்கள். ஊதியத்துக்காக வரையும் தொழில்முறைச் சித்திரக்காரர்களை நான் குறிப்பிடவில்லை. பதிப்பாளரின் கட்டளை இல்லாமல், சொந்த ஆர்வத்தால் வரைந்து, தாமே அச்சிட்டோ இணையத்தில் ஏற்றியோ உலவ விடுகிறவர்களைச் சொல்கிறேன். இவர்களிடையே ஆற்றல் மிக்கோர் பலர் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் படைக்கும் வீராங்கனையைச் சற்றே உற்றுப் பாருங்கள்.

கையில் வாள் இருக்கிறது. எதிரே பகைவர் கூட்டம் நிற்கிறது. பக்கத்தில் நிற்கும் ஆண் வீரன் கழுத்து முதல் கணுக்கால் வரை கவசம் பூண்டிருக்கிறான். அவளுடைய கவசமோ ஒரு கைக்குட்டை அளவுதான். அவள் நிற்கும் கோலம் அதனினும் விந்தை. முன்புறமும் பின்புறமும் ஒருங்கே தெரியும்படி, முதுகெலும்பு முறிந்தவளைப் போல் உடலை முறுக்கிக் கொண்டு நிற்கிறாள். அப்படி நின்று யாரும் வாள் வீச முடியாது; விழாமல் நிற்பதே அரிது.

ஏன் இப்படி என்று கேட்டால் விடை ஆயத்தமாக இருக்கிறது. "அவள் யாருக்கும் அடங்காதவள். அந்த உடை அவளே விரும்பி அணிந்தது. அதைக் குறை கூறுகிறவர்கள்தாம் பெண்ணின் உரிமையை மறுக்கிறவர்கள்."

எவ்வளவு அழகான புரட்டு! அவள் விரும்பினாள் என்கிறார்களே, யார் அந்த அவள்? உயிருள்ள பெண்ணொருத்தி தன் உடையைத் தானே தேர்ந்துகொண்டால், அது சரியென்றும் தவறென்றும் அவளோடு வாதிடலாம். அவள் மறுமொழி சொல்வாள். தாளில் இருப்பவளோ காலையில் எழுந்து பெட்டியைத் திறந்து உடை எடுத்தவள் அல்லள். அவளுக்குக் குளிராது, வெட்கமும் இல்லை, விருப்பமும் இல்லை. விருப்பம் முழுவதும் தூரிகை பிடித்தவருக்கே உரியது. தம் ஆசையை அவள் வாயில் திணித்து, அதற்கு அவளுடைய உரிமை என்று பெயரிட்டு, அந்தப் பெயருக்குப் பின்னால் அவர் ஒளிந்து கொள்கிறார். பொம்மலாட்டக்காரர் நூலை இழுத்துவிட்டு, ஆடுவது பொம்மையின் ஆசை என்று சொன்னால் நாம் நகைக்க மாட்டோமா?

இந்த ஏமாற்று நேற்று முளைத்ததன்று. 1941ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'வொண்டர் வுமன்' என்னும் வீராங்கனையைப் படைத்த வில்லியம் மார்ஸ்டன் ஓர் உளவியல் அறிஞர். பெண்கள் உலகை ஆளும் காலம் வரும் என்று உண்மையாகவே நம்பியவர். அந்த நம்பிக்கையைப் பரப்பவே கதை எழுதுவதாக அவர் சொன்னார். ஆனால் அவருடைய கதைகளில் அந்த வீராங்கனையும் அவள் தோழியரும் இதழுக்கு இதழ் சங்கிலியாலும் கயிற்றாலும் பிணைக்கப்பட்டுக் கிடந்தார்கள். அந்தப் பதிப்பகத்தின் ஆலோசனைக் குழுவில் இருந்த ஜோசெட் ஃபிராங்க் என்னும் அம்மையார் 1943இல் இதைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். மார்ஸ்டன் அசையவில்லை; அன்பான ஆட்சிக்கு அடங்குவதில் இன்பம் உண்டு என்று ஒரு தத்துவத்தையே விரித்துரைத்தார். பெண்ணை உயர்த்துவதாகக் கிளம்பியவர் தம் சொந்தக் கற்பனையைப் பெண் விடுதலை என்று எண்ணி மயங்கிய கதை இது. இன்றைய இளைஞர்கள் அந்த முதியவரின் பேரப்பிள்ளைகள். தத்துவத்தை மட்டும் அவர்கள் விட்டுவிட்டார்கள்.

"தணிக்கை வைத்தால் தீர்ந்தது" என்பார் நம்மில் பலர். தணிக்கையும் வைத்துப் பார்த்தாயிற்று. 1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தாமே கூடி ஒரு விதித்தொகுப்பு வகுத்தார்கள். பெண்களின் உடலுறுப்புகளை மிகைப்படுத்தி வரையக் கூடாது, நிர்வாணம் கூடாது, காதல் கதைகள் இல்லறத்தின் மேன்மையை வலியுறுத்த வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதினார்கள். முத்திரை பெறாத இதழை விற்பனையாளர்கள் தொடவும் தயங்கினர். பதிப்பகங்கள் பல மூடுண்டன. உடை நீண்டது, உண்மை. ஆனால் உடை நீண்டதால் படக்கதைப் பெண்ணுக்கு அறிவு வந்ததா? கதாநாயகனின் இரகசியத்தைத் துருவுவதும், அவனை எப்படி மணப்பது என்று ஏங்குவதும், ஆபத்தில் சிக்கி அலறுவதுமாகத்தான் அவள் காலம் கழிந்தது. துணியை அளந்தவர்கள் அவள் மனத்தை அளக்க மறந்தார்கள்.

அந்த முத்திரையை எள்ளி நகையாடிக் கொண்டு பிறந்ததுதான் 1960களின் சுயவெளியீட்டுப் படக்கதை இயக்கம். 1968ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ராபர்ட் க்ரம்ப் என்பவர் 'ஜாப்' என்னும் தம் இதழின் படிகளைக் குழந்தை வண்டியில் அடுக்கி, சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட் தெருவில் விற்றார். பதிப்பாளர் இல்லை, தணிக்கை இல்லை, முத்திரை இல்லை. இதைவிடத் தூய சுதந்திரம் ஒரு கலைஞனுக்கு வாய்க்குமா? அந்தச் சுதந்திரத்தைக் கொண்டு அவர்கள் போரைக் கேலி செய்தார்கள், அரசைக் கேலி செய்தார்கள், பணத்திமிரைக் கேலி செய்தார்கள். எல்லாத் தளைகளையும் அறுத்தவர்கள், பெண்ணிடம் வந்ததும் தெருமுனைச் சில்லறைப் பயல்களாகிப் போனார்கள். அவளை அடிப்பதும் சிதைப்பதும் இழிவுபடுத்துவதும் அவர்களுக்கு நகைச்சுவையாயிற்று. தமக்குள் பெண்கள் மீது பகை இருந்ததைக் க்ரம்பே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவர் நேர்மையையாவது பாராட்டலாம். பெண்ணின் உரிமைக்காகவே வரைந்தேன் என்று அவர் கதை விடவில்லை.

இதை எதிர்த்து முதலில் வாய் திறந்தவர்களுள் ஒருவர் ட்ரினா ராபின்ஸ். அவரும் சித்திரக்காரர்தாம். 'உனக்கு நகைச்சுவை உணர்வு இல்லை' என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி. ஆண்கள் கூடி வெளியிட்ட தொகுப்புகளில் அவருக்கு இடம் தரப்படவில்லை என்பதை அவரே பின்னர் பலமுறை எழுதியிருக்கிறார். அவர் முறையிட்டுக் கொண்டு நிற்கவில்லை. 1970இல் தோழியரைச் சேர்த்துக் கொண்டு, முழுக்க முழுக்கப் பெண்களே வரைந்த முதல் படக்கதை இதழை வெளியிட்டார். அதன் அட்டையில் வொண்டர் வுமனும் பாப்பாயின் காதலி ஆலிவும் சிறுமி லூலுவும் கைமுட்டி உயர்த்தி ஊர்வலம் போகிறார்கள். உள்ளே ஒரு கதையில், ஆண்கள் வரைந்த பாத்திரங்கள் தம் கதைகளை உதறிவிட்டு வெளியேறுகிறார்கள். வரையப்பட்டவளுக்கு விருப்பம் உண்டாயின் அவள் முதலில் செய்யக்கூடியது அதுவாகத்தான் இருக்கும் என்று அவர்கள் கருதினார்கள் போலும்!

1972இல் 'விம்மன்ஸ் காமிக்ஸ்' தொடங்கிற்று. ஒருவரே ஆசிரியராக இல்லாமல் முறை வைத்து மாறி மாறிப் பொறுப்பேற்று, 1992 வரை 17 இதழ்கள் கொணர்ந்தார்கள். அவர்கள் எழுதியவற்றில் நம் இல்லங்களில் வைத்துப் படிக்கத் தகாதவை நிறைய உண்டு, அதை மறைப்பானேன்? நான் சுட்ட விரும்புவது அவர்களுக்குள் எழுந்த ஒரு பூசலை.

அந்த முதல் இதழிலேயே அலின் கொமின்ஸ்கி என்பவர் தம்மையே பாத்திரமாக்கி வரைந்தார். தடித்த மூக்கும் தளர்ந்த உடலும், ஓயாத கவலைகளும் அச்சங்களுமாக ஒரு பெண். ட்ரினா ராபின்ஸ் வரைந்த பெண்களோ அழகியர். துணிவும் மிடுக்கும் உடையவர்கள். இப்படிப் பளபளப்பாக வரைவதும் பொய்தானே என்றார் கொமின்ஸ்கி. இத்தனை அசிங்கமாக வரைந்து என்ன பயன் என்று மறுபக்கம் வியந்தது. பிணக்கு முற்றி, 1976இல் கொமின்ஸ்கி மற்றொரு தோழியுடன் பிரிந்துபோய்த் தனி இதழ் கண்டார். ராபின்ஸ் 1986இல் வொண்டர் வுமன் இதழையே வரையும் வாய்ப்பைப் பெற்ற முதல் பெண்ணாக ஆனார்.

இருவரில் யார் பக்கம் நியாயம்? என் தீர்ப்பு கொமின்ஸ்கியின் பக்கமே சாய்கிறது. வாளேந்திய பேரழகி நம் பெண்பிள்ளைக்கு ஒரு கனவைத் தருகிறாள். அதோடு, தன் இடுப்பு அந்த இடுப்பைப் போல் இல்லையே என்ற ஏக்கத்தையும் தந்துவிட்டுப் போகிறாள். படம் வரையப் பழகும் பதின்மூன்று வயதுச் சிறுமி எதைப் பார்த்து வரைகிறாள்? அந்த முறுக்கிய முதுகைத்தான். கை பழகும்போது கண்ணும் பழகிவிடுகிறது. பிறர் தன்னைப் பார்க்கும் கண்ணாலேயே தன்னைத் தான் பார்க்கக் கற்றுக் கொள்கிறாள். என் மனத்தை உறுத்துவது இதுதான். தெருவில் நிற்கும் கயவனிடமிருந்து மகளைக் காக்கப் பெற்றோருக்குத் தெரியும். அவள் கையிலுள்ள பென்சிலுக்குள் அவன் புகுந்து கொண்டால் எந்தக் கதவைச் சாத்துவது?

பார்வைதான் நோய், துணி அன்று என்பதற்கு 2012ஆம் ஆண்டு இறுதியில் நடந்த ஒரு வேடிக்கை நல்ல சான்று. வீராங்கனைகளின் அந்த முறுக்கிய கோலங்களை அப்படியே எடுத்து, பெண்ணின் இடத்தில் 'ஹாக்ஐ' என்னும் வில்லாளி வீரனை வைத்து வரைய வேண்டும் என்று இணையத்தில் ஒரு அழைப்பு எழுந்தது. பொழுதுபோக்குச் சித்திரக்காரர்கள் பலர் வரைந்து குவித்தார்கள். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வலிமையின் அடையாளம் என்று சொல்லப்பட்ட அதே கோலம், ஆண்மகன் மீது ஏறியதும் கோமாளித்தனமாகிவிட்டது! அது வலிமையின் கோலமானால் அவனுக்கும் பொருந்தியிருக்க வேண்டுமன்றோ?

துணியை நம்புவோர்க்கு இன்னொரு சான்றும் உண்டு. இது நம்மைச் சார்ந்தது. 2002இல் மார்வெல் நிறுவனம் 'டஸ்ட்' என்னும் பெயரில் ஓர் ஆப்கானிய முஸ்லிம் பெண்ணைத் தன் 'எக்ஸ்-மென்' கதையில் புகுத்தியது. மணலாக உருமாறும் ஆற்றல் கொண்டவள். முகமும் மறையக் கறுப்பு அங்கி அணிந்தவள். ஆகா, நம் பெண்ணையும் மதித்து வரைந்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்தோர் உண்டு. இதழைப் பிரித்தால், அந்த அங்கியே நனைந்த துணி போல் உடலோடு ஒட்டி, ஒவ்வொரு வளைவையும் வரைந்து காட்டியது. சித்திரக்காரர் சிலரின் கையில் பர்தாவும் தோலாகிவிட்டது. தலை முதல் கால் வரை மூடிய பின்னும் அவளைத் திறந்து பார்க்க முடிந்தது என்றால், தவறு எங்கே இருக்கிறது? போதாக்குறைக்கு, ஆப்கானியப் பெண்ணாகிய அவள் வாயில் பஷ்தூவும் இல்லை, தரியும் இல்லை. அரபுச் சொல்லைப் போட்டார்கள். அவள் யார் என்று அறியும் அக்கறை இருந்திருந்தால் அவள் மொழி எது என்றாவது விசாரித்திருப்பார்கள்.

இதற்கு நேர் எதிராக ஒன்றைக் காட்ட வேண்டும். 2013இல் எகிப்தில் தீனா முகம்மது என்னும் 18 வயதுப் பெண் இணையத்தில் ஒரு படக்கதை வரையத் தொடங்கினார். பெயர் 'காஹிரா'. கெய்ரோ நகரின் அரபுப் பெயரும் அதுவே. வெல்பவள் என்பது பொருள். கதாநாயகி ஹிஜாப் அணிந்தவள். கையில் வாள் உண்டு. பெண்ணை அடக்கி வைப்பதே ஆணின் கடமை என்று போதிக்கும் மனிதரை ஒரு கதையில் அவள் எதிர்கொள்கிறாள். முஸ்லிம் பெண்களை மீட்கப் போகிறோம் என்று ஆடை களைந்து ஆர்ப்பரித்த ஐரோப்பியப் 'ஃபெமென்' இயக்கத்தாரை இன்னொரு கதையில் எதிர்கொள்கிறாள். கெய்ரோ தெருக்களில் பெண்களைச் சீண்டுவோரையும் அவள் விடுவதில்லை. அது வெறும் கற்பனைப் பகைவனன்று, ஐ.நா.வின் பெண்கள் அமைப்பு அதே ஆண்டு வெளியிட்ட ஆய்வில், விசாரிக்கப்பட்ட எகிப்தியப் பெண்களில் 99.3 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறியிருந்தனர்.

தீனா முகம்மது தம் நாயகியின் உடையை ஒரு வாதமாக்கவில்லை. மூடியிருப்பதால் அவள் புனிதை என்றும் சொல்லவில்லை. மூடியிருப்பதால் அடிமை என்று சொல்வோரையும் விட்டுவைக்கவில்லை. அவளுக்குச் சினம் வருகிறது, சலிப்பு வருகிறது, பிறர் தன்னைப் பற்றித் தன்னைக் கேளாமலே பேசுவது கண்டு எரிச்சல் வருகிறது. நாம் அவளைப் பார்ப்பதைவிட, அவள் பார்ப்பதையே நாமும் பார்க்கிறோம்.

காஹிராவை வரைந்தபோது அந்தப் பெண்ணுக்கும் பதிப்பாளர் இல்லை. கட்டளையிடும் ஆசிரியர் இல்லை. கையில் இருந்தது நம் வாளேந்திய அழகியைப் படைத்த இளைஞருக்கு இருக்கும் அதே சுதந்திரந்தான். நான்காண்டு கழித்து, 2017இல், அவர் தாமே வரைந்து வெளியிட்ட 'ஷுபைக் லுபைக்' என்னும் நூலின் முதற்பகுதி கெய்ரோ காமிக்ஸ் விழாவில் முதற்பரிசு பெற்றது.