கடிதம் வந்து சேராத வண்டி

நம்மவர்களில் பெரும்பாலோர் மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் குடிபெயர்பவர்கள். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழையும் சமையல் எரிவாயு இணைப்பையும் மறவாமல் மாற்றிக் கொள்கிறோம். ஆனால் நம் மோட்டார் வண்டியைச் செய்த கம்பெனியின் பதிவேட்டில் யாருடைய விலாசம் இருக்கிறது என்று பார்ப்பவர் அரியர். நானும் பார்த்தவனல்லன். அதன் பலனைக் கண்டாலா மலையேற்றத்தில் அநுபவித்தேன்.

சென்ற மழைக்காலத்தில் செம்பூரிலிருந்து புனேக்குக் குடும்பத்துடன் புறப்பட்டோம். ஏற்றத்தின் நடுவே என்ஜின் ஓசையின்றி நின்றுவிட்டது. ஸ்டீயரிங் கனத்தது; பிரேக்கை இரண்டு முறை மிதித்ததும் அதுவும் கல்லாயிற்று. பின்னால் லாரியின் ஹாரன். எப்படியோ இடப்புறம் ஒதுக்கி, எல்லோரையும் தடுப்புக் கம்பிக்கு அப்பால் இறக்கி நிறுத்தினேன். வயது முதிர்ந்த என் தாயார் குடைக்கடியில் நடுங்கிக்கொண்டு, "பெட்ரோல் ஊற்ற மறந்துவிட்டாயாடா?" என்றார். முள்ளோ பாதித் தொட்டி என்று காட்டியது! அரைமணி கழித்து வண்டி தானாகவே கிளம்பிற்று.

லோணாவ்ளாவில் ஒரு மெக்கானிக், "பெட்ரோலில் அழுக்கு" என்று பில்டரை மாற்றிப் பணம் வாங்கிக் கொண்டார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அடையாளம் அப்படித்தான் தோன்றும். பத்து நாளில் சயான் சிக்னலில் மறுபடியும் நின்றது. அப்போதுதான் கம்பெனியின் பணிமனைக்குப் போனேன். அங்கிருந்தவர் சேஸிஸ் எண்ணைக் கேட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வண்டி எரிபொருள் பம்புக்காகத் திரும்ப அழைக்கப்பட்டதாயிற்றே! கடிதம் முதல் உரிமையாளருக்குப் போயிருக்கிறது" என்றார். நான் இரண்டாம் கை வாங்கியவன்.

பம்பு பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருப்பது. அதனுள் சிறு மின்மோட்டார் ஒரு பிளாஸ்டிக் சுழலியைச் சுற்றுகிறது. உலகெங்கும் பல கம்பெனிகள் 2020 முதல் அழைத்த வண்டிகள் பலவற்றில் அந்தப் பிளாஸ்டிக் அடர்த்தி குறைந்ததாக அமைந்துவிட்டது. அது பெட்ரோலை உறிஞ்சி ஊறி உப்புகிறது. கூட்டில் உராய்ந்து நின்றுவிடுகிறது. சில வேளை வண்டி கிளம்பவே மறுக்கும். அது பாக்கியம், ஓடும்போது நிற்பதுதான் ஆபத்து.

நம் நாட்டில் இது அபூர்வமன்று. 2020 ஜூலையில் மாருதி நிறுவனம் வேகன்ஆர், பெலினோ வண்டிகள் 1,34,885ஐப் பம்பைச் சோதிக்க அழைத்தது. 2024 மார்ச்சில் மேலும் 16,041. ஹோண்டா 2020 ஜூனில் 65,651, 2021 ஏப்ரலில் 77,954, 2024 அக்டோபரில் 90,468 வண்டிகளுக்கு அறிவிப்புச் செய்தது. இந்தக் கடைசி அறிவிப்பில், முன்பே பழுது பார்க்கையில் உதிரிப்பாகமாக இந்தப் பம்பைப் பூட்டிய பழைய வண்டிகளும் அடங்கின. ஆகவே "நான் பம்பையே மாற்றியாயிற்று" என்போரும் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும்.

பார்ப்பது எளிது. பதிவுச் சான்றிதழில் சேஸிஸ் எண் இருக்கிறது. இந்நாளைய கார்களில் அது 17 எழுத்தும் இலக்கமும் கொண்டது. கம்பெனியின் இணையதளத்தில் அதைப் பதிந்தாலும், பணிமனையில் காட்டினாலும் விடை வரும். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் தயங்க வேண்டாம். அழைப்பு வண்டிக்கே உரியது, வாங்கியவருக்கன்று. என்னிடம் பம்புக்கோ கூலிக்கோ ஒரு காசும் கேட்கவில்லை. பழைய பில்டர்க் காசு மட்டும் போனது போனதுதான். கையோடு உங்கள் விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் அங்கே எழுதச் செய்யுங்கள்.

வண்டியை எனக்கு விற்ற அலுவலக நண்பரைக் கேட்டேன். கடிதம் வந்ததாம், விளம்பரமென்று எண்ணிப் பழைய செய்தித்தாளோடு போட்டுவிட்டாராம். கோபம் வந்தது. பிறகுதான் நாக்பூரை விட்டு வரும்போது நான் விற்ற வண்டியின் நினைவு வந்தது. பழைய இன்ஷூரன்ஸ் காகிதத்தைத் தேடியெடுத்து அதன் எண்ணையும் பதிந்து பார்த்தேன். அதற்கும் அழைப்பு இருந்தது. வாங்கியவர் இப்போது ராய்ப்பூரில் இருக்கிறார். அன்றிரவே தொலைபேசியில் பேசிவிட்டேன்.