நோயாளியின் சொல்லுக்கும் மருத்துவத்தில் இடம் வேண்டும்

மருத்துவத்தில் பண்பாட்டுப் பணிவு என்பது பிற சமூகத்தாரின் வழக்கங்களை மனப்பாடம் செய்வதன்று; மருத்துவர் தம் முன்முடிவுகளை வாழ்நாள் முழுவதும் தாமே சோதித்துக்கொள்வதும், தமக்கும் நோயாளிக்கும் இடையிலான அதிகார ஏற்றத்தாழ்வைக் குறைக்க முயல்வதுமே அதன் சாரம். அமெரிக்க மருத்துவர்களான மெலனி டெர்வலனும் ஜான் முர்ரே-கார்சியாவும் 1998இல் இக்கருத்தை முன்வைத்த கட்டுரையில் ஒரு நிகழ்வைக் குறிப்பிடுகின்றனர். அறுவை சிகிச்சை முடிந்து சில மணி நேரமே ஆன லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்ணொருவர் கடும் வலியில் இருப்பதாக மருத்துவர் சுட்டிக்காட்டியபோது, அவ்வினத்தார் வலியை மிகைப்படுத்துவர் என்று தாம் படித்திருப்பதாகச் சொல்லி, செவிலியர் அதைப் புறந்தள்ளிவிட்டார். பிற பண்பாடுகளைப் பற்றிய பாடம் அவருக்குக் கிடைத்தே இருந்தது. கண்முன் முனகிய பெண்ணைக் காணவிடாமல் அப்பாடமே மறைத்தது என்பதுதான் வேதனை.

இந்தியாவில் 2019 முதல் நடப்பிலுள்ள எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, தொடர்பாடல் ஆகியவை தனிப்பகுதியாகச் சேர்க்கப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால், வகுப்பறைப் பாடம் புறநோயாளிப் பிரிவுவரை வந்து சேர வேண்டும். நாட்டு மருந்து உண்டதைச் சொன்னால் திட்டு விழும் என்று அஞ்சும் நோயாளி அதை மறைத்துவிடுகிறார். அம்மருந்துகளுள் சில கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும், வேறு சில மருத்துவர் எழுதித்தரும் மாத்திரையின் வீரியத்தையே மாற்றிவிடக்கூடும் என்பதால், அந்த மௌனம் உயிருக்கே கேடாக முடியலாம். இங்குப் பணிவு வெறும் நற்பண்பாக நின்றுவிடாமல், நோயறியும் முறையின் ஓர் உறுப்பாகிறது. கூட்ட நெரிசலில் இதற்கெல்லாம் நேரமேது என்ற கேள்வியில் நியாயம் உண்டு. எனினும், வயதில் மூத்தவரை ஒருமையில் அழைக்காதிருக்க நேரம் எதுவும் செலவாவதில்லை.

நோயாளியிடம் காட்டும் இப்பணிவு அவர் சார்ந்த சமூகத்திடமும் வேண்டும். தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடைப்பட்ட சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் தொடங்கிய மருத்துவப் பணி, உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் நலப்பணியாளராகவும் பயிற்றுவித்து வளர்ந்தது. சமூகத்தைக் கூட்டாளியாக ஏற்பது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்போருக்கு இதுவே போதிய மறுமொழி.

ஆகவே, நோயாளியின் பேச்சைக் கேட்கும் திறனை மருத்துவக் கல்லூரிகள் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் உள்ள பகுதியாக்க வேண்டும். இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசும் தொழிலாளர் மிகுந்த திருப்பூர் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளர்களை அரசு அமர்த்த வேண்டும்.