மூச்சு ஒன்று, மருந்துச் சீட்டு இரண்டு

இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து வெளியேறும் இரத்தம் முழுவதும் நுரையீரலுக்குச் சென்று, பிராணவாயுவைப் பெற்றுக்கொண்டு, இடப்பக்கத்திற்குத் திரும்புகிறது. இவ்விரு உறுப்புகளில் ஒன்று தளர்ந்தால் மற்றதன் மீது சுமை ஏறுவது இயல்பு. ஆயினும் மருத்துவமனைகளில் இவற்றுக்குத் தனித்தனிப் பிரிவுகள், தனித்தனிக் கோப்புகள், தனித்தனி வரிசைகள் உள்ளன. இரு நோய்களும் உள்ளவர் இரண்டு மருந்துச் சீட்டுகளுடன் வீடு திரும்புகிறார். அவற்றை இணைத்துப் பார்க்கும் பொறுப்பு, யாரும் சொல்லாமலே நோயாளியின் மீது விழுகிறது. அப்பொறுப்பு மருத்துவர்களாகிய எங்களுடையது என்பதே என் உறுதியான கருத்து.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் இதயச் செயலிழப்பும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவது அரிதன்று. புகைபிடித்தல் இரண்டுக்கும் பொதுவான காரணம். பல ஆண்டுகள் விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களுக்கு, பீடியைத் தொடாமலே நுரையீரல் அடைப்பு நோய் வருகிறது. அறிகுறிகளும் ஒத்திருக்கின்றன. மாடிப்படி ஏறினால் இளைப்பு, இரவில் இருமல், கால் வீக்கம் ஆகியவை இரண்டிலும் உண்டு. இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் தேங்கினாலும் வீசிங் கேட்கும். நுரையீரல் நோய் முற்றி இதயத்தின் வலப்பக்கம் களைத்தாலும் கால் வீங்கும். எனவே ஒரு காரணம் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடலாகாது. இளைப்பு எதிர்பார்த்த அளவு குறையாதபோது, ஸ்பைரோமெட்ரி, எக்கோ ஆகிய இரு பரிசோதனைகளின் முடிவுகளையும் ஒருவரே சேர்த்து வாசிக்க வேண்டும்.

மருந்துகளில் இத்தேவை இன்னும் தெளிவாகிறது. 1960-களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய புரோப்ரனலால், இதயத்தில் மட்டுமன்றி மூச்சுக்குழாயிலும் செயல்பட்டு அதனைச் சுருக்கக்கூடியது. ‘பீட்டா பிளாக்கர் நுரையீரலுக்கு ஆகாது’ என்ற அச்சம் அவ்வகை மருந்துகளைப் பொறுத்தவரை நியாயமானது. பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால் போன்றவை பெரும்பாலும் இதயத்திலேயே செயல்படுபவை. நுரையீரல் அடைப்பு நோயுள்ளோரில் பெரும்பாலோர், குறைந்த அளவில் தொடங்கி இவற்றை எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்துமா இருப்பின் கூடுதல் எச்சரிக்கை தேவை. பழைய அச்சத்தாலோ, அக்கம்பக்கத்தார் சொல் கேட்டோ இம்மாத்திரையைத் திடீரென நிறுத்துவது இதயத்திற்கு ஆபத்தாக முடியலாம்.

எதிர்த்திசையிலும் கவனம் வேண்டும். சால்பியூட்டமாலை மிகுதியாகப் பயன்படுத்தினால் இதயத் துடிப்பு விரைவுபடும். அதுவும், இதய நோய்க்குத் தரப்படும் நீர் மாத்திரைகளுள் சிலவும் இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைப்பவை. ஸ்டீராய்டு மாத்திரை உடலில் உப்பையும் நீரையும் தேக்கும். ஒவ்வொன்றும் தனக்குரிய நோய்க்குச் சரியான மருந்தே. அவை ஒன்றோடொன்று மோதுவது, இரண்டு சீட்டுகளையும் ஒருசேரப் பார்ப்பவருக்கே புலப்படும்.

ஒருங்கிணைந்த சிகிச்சைக்கு நேரமும் ஆட்களும் போதாது என்ற மறுப்பு உண்டு. நீண்ட வரிசைகளைத் தினமும் காணும் எனக்கு அதன் நியாயம் புரிகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் இரு நிபுணர்கள் ஒரே அறையில் அமர வேண்டியதில்லை. ஒரே மருந்துப் பட்டியல், முழுப் பொறுப்பேற்கும் ஒரு மருத்துவர், மருந்து மாறும்போது மறுபிரிவுக்கு ஒரு குறிப்பு, இரு நோய்களுக்கும் ஏற்ற உடற்பயிற்சித் திட்டம் ஆகியவையே அடிப்படை. சிக்கலான நிலையில் உள்ளோருக்கு மட்டும் கூட்டு ஆலோசனை போதுமானது. நள்ளிரவில் மூச்சுமுட்டி அவசரப் பிரிவுக்கு வரும் நோயாளிக்காகச் செலவிடும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது சிறிதே.

இம்முறை எங்கும் நிலைபெறும் வரை, நோயாளிகளும் உடனிருந்து கவனிப்போரும் செய்யக்கூடியவை சில உண்டு. இன்ஹேலர், சித்த மருந்து, கடையில் நேரடியாக வாங்கும் மாத்திரை அனைத்தையும் ஒரே தாளில் எழுதி, எந்தப் பிரிவுக்குச் சென்றாலும் காட்டுங்கள். மூட்டுவலிக்காக வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை நீரைத் தேக்கி இதயச் செயலிழப்பை மோசமாக்கும் என்பதை மறவாதீர்கள். காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பாருங்கள். மூன்று நாட்களுக்குள் 2 கிலோ கூடினால் உடனே மருத்துவரை அணுகுங்கள். வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துவோர் அதன் அளவைத் தாமாகக் கூட்டலாகாது. நுரையீரல் அடைப்பு நோயுள்ளோர் சிலருக்கு 88 முதல் 92 விழுக்காடு வரையிலான ஆக்சிஜன் செறிவே பாதுகாப்பான இலக்கு. உங்களுக்குரிய இலக்கை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உறங்கத் தேவைப்படும் தலையணைகளின் எண்ணிக்கை கூடினாலோ, வழக்கமான தொலைவை நடக்க இடையில் நிற்க நேர்ந்தாலோ அதையும் தெரிவியுங்கள். பரிசோதனைத் தாள்களில் வராத இச்செய்திகளை, உடனிருப்போரே எங்களுக்குச் சொல்ல முடியும்.

“என் இரு நோய்களையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவர் யார்?” என்று அடுத்த முறை கேளுங்கள். இக்கேள்வி மருத்துவரை அவமதிப்பதாகாது. அதற்குத் தெளிவான விடை தர வேண்டியது எங்கள் கடமை.