பாரமில்லாத டிசம்பர்

 

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் நம் சபைகளில் இப்போது ஆங்காங்கே காணப்படுகின்றன. "உங்களுக்கென்ன, பள்ளி அலைச்சல் இல்லை; கிறிஸ்மஸுக்கு ஆயத்தப்பட நேரம் தாராளம்" என்று மற்றவர்கள் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். உண்மை அதற்கு நேர் எதிரானது. பள்ளிக்குப் பிள்ளைகள் போகிற வீட்டில், காலை முதல் மாலை வரை தாயின் இரு கைகளும் அவளுக்கே சொந்தம். நம் வீட்டிலோ பாடமும் அடுப்பும் ஒரே அறையில் நடக்கின்றன. அதிலும் சனத்நகர் போன்ற இடத்தில், இரண்டு அறை வாடகை வீட்டில், தொழிற்பேட்டையில் மாறி மாறி ஷிப்ட் பார்க்கும் கணவர் பகலில் உறங்கிக்கொண்டிருக்க, டிசம்பரை எதிர்கொள்வது எப்படி என்பதை நான் அனுபவித்து அறிவேன்.

சில வருடங்களுக்கு முன் டிசம்பர் இரண்டாம் வாரம். ஒரு பக்கம் சுவருக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தோம். ஞாயிறு பள்ளி நாடகத்திற்கு மேய்ப்பரின் அங்கிகளைத் தைத்துத் தருவதாக நானே வலிய ஏற்றிருந்தேன். மூத்தவளுக்குப் பின்னக் கணக்கு புரியவில்லை; நான் கத்தினேன். அன்று இரவு குடும்ப ஜெபத்தில் என் இளைய மகன், "ஆண்டவரே, கிறிஸ்மஸ் சீக்கிரம் முடிந்துபோகட்டும், அம்மா முன்போல இருக்கட்டும்" என்று ஜெபித்தான். நான் ஆமென் சொல்லவில்லை. என் கணவரும் சொல்லவில்லை.

பிள்ளைகள் உறங்கியபின் இருவரும் ஒரு தாளை எடுத்து, செய்யவேண்டியவை என்று நான் மனதில் சுமந்த யாவையும் எழுதினோம். இருபத்துமூன்று வேலைகள் வந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் அது யாருக்காக என்று குறித்தோம். பாதிக்கு மேல், வீட்டிற்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்பதற்காகவே இருந்தன. அவற்றை அடித்துவிட்டோம். வர்ணம் பாதிச் சுவரில் நின்றது, ஜனவரியில்தான் முடித்தோம். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தத் தாளை இவ்வருடம் நீங்களும் எழுதிப் பாருங்கள், ஆனால் கணவரோடு சேர்ந்து எழுதுங்கள். தனியாக எழுதினால் பட்டியல் நீளுமேயன்றிக் குறையாது.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு காரியம். முன்பு ரயில் முன்பதிவு 120 நாட்களுக்கு முன் திறந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாட்களாகக் குறைக்கப்பட்டுவிட்டது. டிசம்பர் 22 அன்று புறப்பட விரும்பினால், அக்டோபர் 23 காலையிலேயே பதிவு செய்யவேண்டும். தவறவிட்டவர்கள் தட்கலுக்காக மனம் பதைப்பதைவிட, ஜனவரியில் கூட்டம் குறைந்தபின் போவது நலம். பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்படாத நமக்கு அந்தச் சிலாக்கியம் உண்டே! தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்திருக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் பொதுத் தேர்வு ஏப்ரலிலும் அக்டோபரிலும்தான் தொடங்குகிறது. டிசம்பர் அவர்களுக்குத் தேர்வு மாதமல்ல.

ஆகையால் டிசம்பரில் பாடத்தை நிறுத்தவும் வேண்டாம், முழுவதும் நடத்தவும் வேண்டாம். காலையில் வாசிப்பும் கணக்கும் போதும். மீதியை வேலையே கற்பிக்கும்.

நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் தொங்கும் நட்சத்திரத்தை வாங்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை; ஆனால் ஐதராபாத்தில் இருக்கிற நமக்கு ஒரு வசதி உண்டு. ஜனவரி சங்கராந்திக்குப் பட்டம் விடும் ஊர் இது. தூல்பேட்டிலும் குல்சார் ஹவுஸ் பக்கத்திலும் பட்டக் காகிதம் எல்லா நிறத்திலும் கிடைக்கும். இரண்டடி நீளத்தில் சீவிய மூங்கில் குச்சிகள் பத்து வேண்டும். ஐந்து ஐந்தாகக் கட்டி இரண்டு நட்சத்திரச் சட்டங்கள் செய்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். உள்ளே குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் நான்கு அங்குலக் குச்சியைச் செருகினால், நடுப்பகுதி உப்பி வரும். பிறகு காகிதம் ஒட்டி, சூடேறாத எல்.இ.டி. பல்பை உள்ளே தொங்கவிடலாம். ஒட்டுமுன் கோணமானியால் ஒரு முனையை அளக்கச் சொல்லுங்கள். 36 பாகை வரவேண்டும். ஐந்தையும் கூட்டினால் 180, ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை! என் மகள் இதை நம்பாமல் மூன்று தரம் அளந்தாள்.

பலகாரத்தில் இரண்டு போதும். முந்திரிக்கொத்து பல நாட்கள் கெடாது என்பதால் ஒரு வாரம் முன்பே செய்துவிடலாம். தேங்காய்த் துருவலை மட்டும் ஈரம் போக நன்றாக வறுத்துக்கொள்ளுங்கள். வறுத்த பாசிப்பயறு மாவைப் பாகில் உருட்டுகிற வேலை சிறு கைகளுக்கு ஏற்றது. எண்ணெய்ப் பக்கம் நீங்கள் மட்டும் நில்லுங்கள். அச்சுமுறுக்கு என்றால், அச்சு எண்ணெயில் நன்றாகக் காயவேண்டும், மாவில் முக்கால் பாகம்தான் அமிழவேண்டும். முழுவதும் அமிழ்ந்தால் முறுக்கு கழன்று விழாது.

இனி வெகுமதிகள். எங்கள் வீட்டில் டிசம்பர் முதல் தேதி எல்லாருடைய பெயரையும் சீட்டெழுதிக் குலுக்கி, ஒவ்வொருவரும் ஒரு பெயரை எடுப்போம். அந்த ஒருவருக்கு மட்டும் வெகுமதி. அதுவும் கையால் செய்ததாகவோ பழைய புத்தகமாகவோ இருக்கவேண்டும். ஆபிட்ஸ் நடைபாதையில் பழைய புத்தகங்கள் ஞாயிற்றுக்கிழமைதான் விரிக்கப்படுகின்றன. ஆராதனை முடிந்து மாலையில் போனால் நல்லவை போயிருக்கும், ஆனால் விலை குறைந்திருக்கும். டிசம்பர் பிற்பாதியில் வழக்கமாக என்.டி.ஆர். விளையாட்டரங்கில் நடக்கும் புத்தகக் கண்காட்சியையும் பாருங்கள். நிலப்படம், பூதக்கண்ணாடி, அளவு நாடா ஆகியவை பிப்ரவரியிலும் பயன்படும் வெகுமதிகள். பேட்டரியால் ஓடும் பொம்மை பெரும்பாலும் அதுவரை ஓடாது.

பணம் இருந்தால் பொருளுக்குப் பதிலாக ஒரு பயணம் கொடுங்கள். சிக்கந்தராபாத் ஜூபிலி நிலையத்திலிருந்து மேதக்கிற்குப் பேருந்து உண்டு. அங்குள்ள பேராலயத்தைச் சார்லஸ் வாக்கர் பாஸ்னெட் என்னும் ஊழியர் 1914ல் கட்டத் தொடங்கினார். பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களுக்கு வேலையும் ஆகாரமும் அதன் மூலம் கிடைத்தன. 1924 டிசம்பர் 25 அன்று அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் இயேசுவின் பிறப்பும் உண்டு; பகல் வெளிச்சத்தில்தான் அது தெரியும். கிறிஸ்மஸ் நாளில் ஜனத்திரள் தாங்காது. டிசம்பர் முதல் வாரத்தில், ஒரு செவ்வாயோ புதனோ போய் வாருங்கள்.

கிறிஸ்மஸை ஆசரிக்காத சபையைச் சேர்ந்த சகோதரிகளும் இப்பக்கத்தை வாசிக்கிறீர்கள் என்று அறிவேன். டிசம்பர் 25 என்னும் தேதி வேதத்தில் இல்லை என்பது மெய்யே. நீங்கள் இவற்றில் எதையும் ஜூன் மாதத்திலும் செய்யலாம்.

செலவே இல்லாத வெகுமதி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நம் பிள்ளைகள் தெலுங்கும் ஆங்கிலமும் பேசி, தமிழை மறந்துகொண்டிருக்கிறார்கள். ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடம், அவர்கள் சிறுவயதில் கொண்டாடிய கிறிஸ்மஸைச் சொல்லச் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் அதைக் கேட்டுத் தமிழில் எழுதி, சிறு புத்தகமாகத் தைத்து, அவர்களுக்கே தபாலில் அனுப்பட்டும். என் தாயாரிடம் இப்படிப் பதிவு செய்தது நாற்பது நிமிடம் இருக்கும். அடுத்த வருடம் ஆகஸ்டில் அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். பதிவின் நடுவில், கதையை நிறுத்திவிட்டு, காயப்போட்ட நெல்லைக் கொத்தவந்த கோழியை விரட்டுகிறார்கள். பிள்ளைகள் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார்கள்.