முட்டை தட்டுப்பாடு, மின்வெட்டு... இலங்கையில் 2022 கிறிஸ்துமஸ் எப்படி இருந்தது?

2022-ல் இலங்கையில் பொருளாதார நெருக்கடி எந்த அளவுக்கு இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க பெரிய புள்ளிவிவரம் எல்லாம் தேவையில்லை. அங்குள்ள கிறிஸ்துமஸ் கேக்கைப் பார்த்தாலே போதும்.

நம்ம ஊர் பேக்கரி பிளம் கேக் மாதிரி இல்லை அது. ரவை, முந்திரி, திராட்சை, சர்க்கரைப் பாகில் ஊறிய பூசணி எல்லாம் சேர்த்து வீட்டிலேயே செய்வது. பழைய செய்முறைப்படி முட்டை மட்டுமே இரண்டு டஜன் வரை ஆகும். 2022 டிசம்பரில் சிக்கலே அந்த முட்டைதான்.

முட்டைக்கு என்ன ஆச்சு?

2021-ல் ரசாயன உரத்துக்கு அரசு திடீர் தடை போட்டது. நெல்லோடு சேர்ந்து மக்காச்சோள விளைச்சலும் விழுந்தது. அதுதான் கோழித் தீவனம். சரி, இறக்குமதி செய்யலாம் என்றால் கையில் டாலர் இல்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதையே நிறுத்தி வைப்பதாக இலங்கை அறிவித்தது. தீவன விலை ஏற, சின்னப் பண்ணைகள் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

ஆகஸ்ட்டில் வெள்ளை முட்டை 43 ரூபாய், சிவப்பு முட்டை 45 ரூபாய் என அரசு உச்ச விலை வைத்தது. அந்த விலைக்குக் கட்டாது என்றார்கள் பண்ணைக்காரர்கள். விலையைக் கட்டினால் சரக்கு ஒளிந்துகொள்ளும் என்பது பழைய கதைதான், இங்கேயும் அதுவே நடந்தது. செப்டம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுப் பொருட்களுக்கு மட்டும் பார்த்தால் 94.9!

அதற்கு முன் கடைசியாக நிம்மதியாகக் கொண்டாடியது எப்போது?

2018-ல். அடுத்த வருஷம் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பில் தேவாலயங்களிலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் பலி. அந்த டிசம்பர் திருப்பலி ராணுவக் காவலோடு நடந்தது. 2020, 2021 கொரோனா. 2021 கடைசியில் சமையல் கேஸ் சிலிண்டர்கள் அடுத்தடுத்து வெடிக்க, அடுப்பைப் பற்றவைக்கவே மக்கள் பயந்தார்கள். 2022 டிசம்பரில் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. கேக்கை அவனில் வைக்கும் முன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய நிலை.

அப்புறம் எதைக் கொண்டாடுவது?

காசு இல்லாமலும் நடக்கிற விஷயங்கள் இந்தப் பண்டிகையில் நிறையவே இருக்கு. வைக்கோலும் பழைய பொம்மைகளும் இருந்தால் குடில் ரெடி. நள்ளிரவுத் திருப்பலிக்கு நடந்தே போகலாம். கரண்ட் போனாலும் கரோல் பாட்டு நிற்காது.

கேக்கும் அப்படித்தான். அதில் காசு போலவே ஆள் பலமும் தேவை. முந்திரியையும் பழங்களையும் பொடியாக நறுக்கவே ஒரு முழு ராத்திரி ஆகும். பாட்டி முதல் பேரன் வரை சுற்றி உட்கார்ந்து, கதை பேசிக்கொண்டே, நடுநடுவே திராட்சையை வாயில் போட்டுக்கொண்டே செய்கிற வேலை. முந்திரி பாதியாகக் குறைந்தாலும், முட்டை அதிகம் கேட்காத பட்டர் கேக்குக்கு மாறினாலும் அந்த ராத்திரி குறையாது. பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பதும் பெரும்பாலும் இதுதான், புது டிரஸ் இல்லை.

கேக்கைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, கலர் பேப்பரில் மிட்டாய் போலச் சுற்றி, பக்கத்து இந்து, பௌத்த, முஸ்லிம் வீடுகளுக்கும் கொடுத்தனுப்புவது அங்கே வழக்கம். அந்தத் துண்டு முன்பும் தீப்பெட்டி அளவுதான். 2022-ல் இன்னும் கொஞ்சம் சின்னதாக வெட்ட வேண்டியிருந்திருக்கும்.